குழந்தைகளைப் படித்த அம்மையார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

மக்கட்பேறே பேறுகளுள் சிறந்தது என்பது நம் முன்னோர் துணிபு. ஆனால் அப்பேறு பள்ளி வாயிலை அடைந்தவுடன் இரு கூறாகப் பிரிக்கப்பட்டுவிடுகிறது. கைகட்டி உட்கார்ந்து, சொன்னதைக் கேட்டு எழுதும் பிள்ளை நல்ல பிள்ளை. உட்கார முடியாமல் நெளிந்து, சன்னலைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவனைச் சீண்டி, எழுதத் தொடங்கியதைப் பாதியில் விட்டு எழுந்து ஓடும் பிள்ளை உருப்படாத பிள்ளை. இந்தத் தீர்ப்பு எழுதப்படும்போது அப்பிள்ளைக்குப் பெரும்பாலும் 6 அல்லது 7 வயதுதான் இருக்கும்.

இத்தகைய தீர்ப்பு ஒன்று சென்ற ஆண்டு எங்கள் வீட்டிற்கும் வந்து சேர்ந்தது. இத்தலாரில் எங்களுக்குச் சிறிதளவு தேயிலைத் தோட்டம் உண்டு. என் பெற்றோர் இருவரும் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என்னைவிட 11 ஆண்டுகள் இளையவன் என் தம்பி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று ஊரார் சொல்வது அவனைப் பார்த்துத்தான். அவன் நான்காம் வகுப்புப் படித்து வந்த பள்ளியில் என் தந்தையாரை அழைத்து, இவனால் மற்றப் பிள்ளைகளும் கெடுகிறார்கள், இவனுக்குப் படிப்பு வராது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டனர். அன்றிரவு அடுப்பருகில் அமர்ந்து என் தந்தையார் ஒரு முடிவுக்கு வந்தார். மகள் ஒருத்தி படிக்கிறாளே, அது போதும். மகன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அம்முடிவு. என் படிப்பே தம்பியின் படிப்பை நிறுத்துவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது எனக்குப் பெரும் வேதனை அளித்தது.

அந்த நாட்களில்தான் நூலகத்தில் ஒரு நூலைப் புரட்டும்போது மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாறு என் கண்ணில் பட்டது. மாண்டிசோரி என்றால் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஆங்கிலப் பள்ளியின் பெயர் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அப்பெயருக்கு உரியவர் ஒரு மருத்துவர் என்பதும், படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்தே அவர் தம் பணியைத் தொடங்கினார் என்பதும், நம் தமிழ்நாட்டு மண்ணில் அவர் பல்லாண்டுகள் வாழ்ந்தார் என்பதும் எனக்கு வியப்பூட்டின. அவ்வம்மையாரின் வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

பிறப்பும் கல்வியும்

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகே உள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மரியா மாண்டிசோரி பிறந்தார். தந்தையார் அலெசாண்ட்ரோ அரசு அலுவலர். தாயார் ரெனில்தே நூல்களை விரும்பிக் கற்றவர். பெற்றோர்க்கு இவர் ஒரே மகள். இவருடைய சிறு வயதிலேயே குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்து இத்தாலியில் பெண்ணொருத்தி படித்தால் ஆசிரியை ஆகலாம்; அதற்கு மேல் ஆசைப்படுதல் கூடாது. தந்தையாரும் தம் மகள் ஆசிரியை ஆவதையே விரும்பினார். மகளோ தமக்கு எந்த வேலை வேண்டுமானாலும் சரி, ஆசிரியர் வேலை மட்டும் வேண்டாம் என்றிருந்தார். ஆண் பிள்ளைகளே பெரும்பாலும் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் 13 வயதில் சேர்ந்தார். முதலில் பொறியாளராக வேண்டும் என்று எண்ணினார். பின்னர் மருத்துவராக உறுதி பூண்டார். எந்தத் தொழிலை வேண்டாம் என்று ஒதுக்கினாரோ அந்தத் தொழிலாலேயே பிற்காலத்தில் உலகம் அவரை அறிந்துகொண்டது. விதியின் விளையாட்டை என்னென்பது!

1890ஆம் ஆண்டில் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதலில் இயற்கை அறிவியலும் பின்னர் மருத்துவமும் பயின்றார். நம்மைப் போல அவரும் ஓர் அறிவியல் மாணவராகவே கல்லூரி வாழ்வைத் தொடங்கினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். ஆனால் அவர் பட்ட இன்னல்கள் நாம் படாதவை. ஆடவருடன் சேர்ந்து நின்று ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பது முறையன்று என்று கருதிய காலம் அது. ஆகவே மற்ற மாணவர்கள் வீடு திரும்பிய பிறகு, மாலை இருட்டில், அறுவைக் கூடத்தில் தன்னந்தனியாகப் பிணங்களின் நடுவே நின்று அவர் பாடம் கற்க வேண்டியிருந்தது. தந்தையாரின் மனவருத்தம் ஒருபுறம், உடன் பயில்வோரின் ஏளனம் மறுபுறம். அத்தனையும் தாங்கி 1896ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணிகளுள் அவரும் ஒருவரானார்.

ரொட்டித் துணுக்குகள் கற்பித்த பாடம்

பட்டம் பெற்ற மறு ஆண்டிலேயே பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றலானார். அதன் பொருட்டு உரோமாபுரியிலுள்ள மனநோயாளர் விடுதிகளுக்குச் சென்று வந்தார். அங்கே பித்துப் பிடித்த பெரியவர்களோடு குழந்தைகளும் அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். படிப்பு ஏறாதவர், பேச்சு வராதவர், அடங்காதவர் எனப் பலவகைக் குழந்தைகள். வெறும் சுவர்கள் கொண்ட அறை. கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் இல்லை.

அங்கு நிகழ்ந்த ஒன்றை அவருடைய வரலாற்றை எழுதியோர் தவறாமல் குறிப்பிடுகின்றனர். உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் விழுந்து, சிதறிக் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். பெருந்தீனி தின்னும் பிள்ளைகள் என்று பணிப்பெண் அருவருப்போடு சொன்னாள். மாண்டிசோரி அக்காட்சியை உற்று நோக்கினார். குழந்தைகள் அத்துணுக்குகளைத் தின்பதைவிட, விரல்களால் உருட்டியும் நசுக்கியும் பார்ப்பதிலேயே ஈடுபட்டிருந்தனர். அவர்களுடைய பசி வயிற்றில் இல்லை, கைகளில் இருந்தது. அவ்வறையில் கையால் தொட்டு விளையாடக் கிடைத்த ஒரே பொருள் அந்த ரொட்டித் துணுக்குதான்! பணிப்பெண்ணும் மருத்துவரும் பார்த்த காட்சி ஒன்றே. ஒருவர் குற்றத்தைக் கண்டார். மற்றொருவர் தேவையைக் கண்டார்.

இதன் பிறகு மாண்டிசோரி பழைய நூல்களைத் தேடிப் படித்தார். பிரெஞ்சு நாட்டில் காட்டில் அகப்பட்ட சிறுவன் ஒருவனுக்குக் கல்வி புகட்ட முயன்ற இதார் என்னும் மருத்துவரின் நூலும், அவருடைய மாணவரான செகேன் என்பவரின் நூலும் அவருக்கு வழிகாட்டின. அந்நூல்களை இத்தாலிய மொழியில் தம் கைப்படப் பெயர்த்து எழுதியே அவர் கற்றார். விரைந்து படித்தால் பொருள் நழுவும், எழுதிப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் மனத்தில் நிற்கும் என்பது அவர் கண்ட உண்மை.

1900ஆம் ஆண்டில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் எனப்பட்ட குழந்தைகளுக்காகவும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகவும் உரோமாபுரியில் தொடங்கப்பட்ட பள்ளிக்கு அவரும் ஓர் இயக்குநரானார். பகலெல்லாம் குழந்தைகளுடன் இருப்பார். இரவில் தாம் கண்டவற்றைக் குறித்து வைத்து, ஒப்பிட்டு, புதிய கருவிகளை அமைப்பார். பார்த்தும் தொட்டும் ஒலி கேட்டும் கற்கும் முறையில் அக்குழந்தைகள் எழுதவும் படிக்கவும் கற்றனர். சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வில் அவர்களுள் சிலரை அமரச் செய்தபோது அவர்களும் தேறினர்.

நாடே வியந்து பாராட்டியது. மாண்டிசோரியோ வேறொன்றை எண்ணிக் கவலைப்பட்டார். இக்குறைகளையெல்லாம் உடைய பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடியுமானால், குறையில்லாத பிள்ளைகள் ஏன் அதே இடத்தில் நின்றுவிட்டனர்? பள்ளிகள் அவர்களை எப்படி நடத்துகின்றன? பாராட்டின் நடுவே இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்ததில்தான் அவருடைய பெருமை அடங்கியிருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த நிலையை இன்று மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாகக் குறிப்பிடுகின்றனர். அப்பெயர் அன்று கிடையாது. 1902ஆம் ஆண்டில் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இன்றைய பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1987ஆம் ஆண்டில்தான் இடம் பெற்றது. ஆகவே மாண்டிசோரி அந்நோய்க்கு மருந்து கண்டார் என்று கூறுவது பொருந்தாது. அடங்காத பிள்ளையை அடிப்பதற்கு முன் அவனை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டினார் என்று கூறுவதே பொருந்தும்.

குழந்தைகள் இல்லம்

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு வீட்டு வசதி நிறுவனம் பாழடைந்த குடியிருப்புகளைச் செப்பனிட்டு ஏழைகளைக் குடியேற்றியது. பெற்றோர் விடிந்ததும் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி செல்லும் வயதை அடையாத சிறுவர்கள் மாடிப்படிகளில் ஓடியும், புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கியும் நாளைக் கழித்தனர். சுவர்கள் பாழாகாமல் காக்க வேண்டுமே என்ற கவலையால்தான் அச்சிறுவர்களை ஓரிடத்தில் சேர்த்துவைக்க நிறுவனத்தார் முடிவு செய்தனர்! அப்பொறுப்பை மாண்டிசோரியிடம் ஒப்படைத்தனர். 1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. சுவரைக் காக்கத் தொடங்கிய முயற்சி உலகக் குழந்தைகளைக் காக்கும் முயற்சியாக மாறியது.

அக்காலப் பள்ளிகளில் பெஞ்சுகள் தரையோடு பொருத்தப்பட்டிருக்கும். பிள்ளை அசையாமல் இருப்பதே ஒழுக்கம். மாண்டிசோரி அவற்றை நீக்கினார். சிறுவர் தாமே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு மேசைகளும் நாற்காலிகளும் செய்வித்தார். கை எட்டும் உயரத்தில் அலமாரி வைத்தார். தரையில் பாய் விரித்து வேலை செய்யவும், ஒரு வேலை முடிந்ததும் எழுந்து நடந்து அடுத்ததை எடுத்து வரவும் இடம் கொடுத்தார். நடப்பதும் எடுப்பதும் தூக்குவதும் அங்கே படிப்பின் பகுதிகளாயின. எழுந்து நடக்க அனுமதி உள்ள இடத்தில் எழுந்து நடப்பது எப்படிக் குற்றமாகும்?

அவ்வில்லத்தில் அவர் கண்ட ஒரு காட்சி அவருடைய எண்ணத்தையே திருப்பிவிட்டது. 3 வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய துளைகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் தொடங்கினாள். அவளுடைய கவனம் எவ்வளவு ஆழமானது என்று அறிய விரும்பிய மாண்டிசோரி, மற்றப் பிள்ளைகளைச் சுற்றி வந்து பாடச் செய்தார். சிறுமி நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு, அங்கேயும் வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்து முடித்து, உறக்கத்திலிருந்து விழித்தவள் போல் புன்னகையுடன் நிறுத்தினாள். சிறு குழந்தைக்குக் கவனம் நிலைக்காது என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில் இது பெரிய கண்டுபிடிப்பாயிற்று. ஏற்ற வேலை கைக்குக் கிடைத்தால் கவனம் தானே வந்து அமர்கிறது என்பதை அம்மையார் உணர்ந்தார்.

மற்றொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். கைக்குட்டையை மடிப்பது முதல் ஓசையின்றித் துடைப்பது வரை வேடிக்கையாகக் காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, கூர்ந்து பார்த்துவிட்டு முடிவில் கைதட்டினர். மூக்கு ஒழுகுகிறது என்று அதுநாள் வரை எல்லாரும் அவர்களைத் திட்டினார்களே அல்லாமல், எப்படித் துடைப்பது என்று ஒருவரும் கற்பிக்கவில்லை. ஒழுங்காக உட்கார், கவனமாக எழுது என்று பிள்ளைகளைத் திட்டுகிற நாம், உட்காருவது எப்படி, கவனிப்பது எப்படி என்று என்றாவது கற்பித்திருக்கிறோமா?

கருவிகளின் நுட்பம்

அம்மையாரின் கருவிகள் எளியவை, ஆனால் நுட்பமானவை. ஒரு மரக்கட்டையில் 10 துளைகள். அவற்றுக்கு 10 உருளைகள். தவறான துளையில் ஓர் உருளையை வைத்தால் முடிவில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். தவற்றை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, கட்டையே காட்டிவிடும். நாள்தோறும் பத்துப் பேர் முன்னிலையில் தவறு தவறு என்று கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போன பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! மேலும் உருளையின் சிறு குமிழை மூன்று விரல்களால் பிடித்துத் தூக்க வேண்டும். அப்பிடியே பின்னால் எழுதுகோலைப் பிடிக்கும் பிடியாகிறது.

எழுத்துக்களை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை விரலால் அதன்மேல் தடவி, ஒலியைச் சொல்லும். கண், கை, செவி மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தைக் கற்கின்றன. ஒரு கருவியில் ஒரு கடினம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. நீளம் கற்கும்போது நீளம் மட்டுமே மாறும்; நிறமும் பருமனும் மாறா. பல செய்திகளை ஒரே நேரத்தில் கேட்டுத் திகைக்கும் பிள்ளைக்கு இந்நெறி ஊன்றுகோல் போன்றது. இம்முறையால் 4, 5 வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கியபோது சான் லொரென்சோவைக் காண வெளிநாட்டினரும் வரத் தொடங்கினர்.

பிரிந்த மகன்

புகழுக்குப் பின்னே அம்மையாருக்கு ஓர் ஆறாத துயரமும் இருந்தது. 1898ஆம் ஆண்டில் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். உடன் பணியாற்றிய மருத்துவர் மாண்டிசானோ குழந்தையின் தந்தை. திருமணம் நடைபெறவில்லை. இச்செய்தி வெளிப்பட்டால் அவருடைய பணி அன்றோடு முடிந்துவிடும் என்ற நிலை. ஆகவே குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்க்கப்பட்டது. தாய் அவ்வப்போது சென்று பார்த்து வருவார். தாய் என்று சொல்லிக்கொள்ள இயலாது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் வளர்க்கக் கற்றுக் கொடுத்தவர்க்குத் தம் பிள்ளையைத் தம் கையால் வளர்க்கும் பேறு வாய்க்கவில்லை. 1912ஆம் ஆண்டில் அம்மையாரின் தாயார் மறைந்த பிறகே மரியோ, ஏறத்தாழ 15ஆம் வயதில், தாயிடம் வந்து சேர்ந்தார். அதன் பின்னர் இறுதிவரை அவருக்கு வலக்கையாக விளங்கினார்.

புகழும் அலைச்சலும்

1909ஆம் ஆண்டில் அவருடைய முறையை விளக்கும் நூல் வெளியாகிப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை ஒன்றில் பிள்ளைகள் பயில்வதை மக்கள் கூடி நின்று பார்த்தனர். அவரை மறுத்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914ஆம் ஆண்டில் எழுதிய நூலில், அவருடைய கருவிகள் குழந்தையின் கற்பனைக்கு இடம் தரவில்லை என்று குறை கூறினார். இத்தாலியில் முசோலினியின் அரசு முதலில் இவர்தம் பள்ளிகளை ஆதரித்தது. அம்மையாரும் அவ்வாதரவை ஏற்றார். ஆனால் சொன்னதைச் செய்யும் படைவீரர்களை விரும்பும் ஆட்சிக்கும், தாமே எண்ணிச் செயல்படும் பிள்ளைகளை விரும்பும் அம்மையாருக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934ஆம் ஆண்டில் உறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. 1936ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்ட ஸ்பெயினிலிருந்தும் வெளியேறி நெதர்லாந்து சென்றார்.

தமிழகத்தில் அம்மையார்

சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று 1939ஆம் ஆண்டில் அம்மையார் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. சில திங்கள் தங்கித் திரும்புவதாக எண்ணியே வந்தார். அடையாற்றில் தொடங்கிய முதற் பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துக் கூறுவார்.

1940ஆம் ஆண்டு சூன் திங்களில் இத்தாலி போரில் குதித்தது. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர்க்கு இத்தாலியர் எல்லாரும் பகைவராயினர். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறாதபடி கட்டுப்படுத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய 70ஆம் பிறந்த நாள். அதற்குப் பரிசாக வைசிராய் மரியோவை விடுதலை செய்தார். அச்செய்தியில் மரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்தார் என்பர். அதுவரை உலகத்தார் முன் வளர்ப்பு மகன் என்றும் உறவினர் என்றும் வழங்கப்பட்டவரை மகன் என்றே அழைக்கும் உரிமையை, 40 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த தாய்க்கு நம் சென்னை மாநகரம் அளித்தது.

பின்னர் அம்மையார் கொடைக்கானல் மலையில் தங்க இசைவு கிடைத்தது. 1942 முதல் 1944 வரை அங்கே வாழ்ந்தார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஒரு சிறு பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அம்மையார் அதற்குத் துணை நின்றார். பிள்ளைகள் மலைச்சரிவில் நடந்து செடிகளையும் பூச்சிகளையும் கண்டு வருவர், பார்த்தவற்றை வகைப்படுத்துவர், அதிலிருந்தே புவியியலும் உயிரியலும் வரலாறும் விரியும். இவ்வுலகில் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதைக் குழந்தை உணர வேண்டும் என்னும் அவருடைய பிற்காலக் கல்விக் கொள்கை அம்மலையில்தான் முழு உருவம் பெற்றது. நீலமலைச் சரிவில் பிறந்து தாவரவியல் பயிலும் எனக்கு இச்செய்தியைப் படித்தபோது உடல் சிலிர்த்தது.

போர் முடிந்த பிறகு 1946ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்று, மீண்டும் இந்தியா வந்து, 1949ஆம் ஆண்டில் விடைபெற்றார். இங்கே அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே திங்கள் 6ஆம் நாள் நெதர்லாந்தில் நோர்ட்வெய்க் என்னும் கடற்கரை ஊரில், தம் 81ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்.

நாம் கற்க வேண்டியது

மாண்டிசோரி என்னும் பெயரை இன்று யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை பல இடங்களில் வசதி படைத்தோர்க்கு மட்டும் உரியதாகிவிட்டது. ஆயினும் அது அரசுப் பள்ளிப் படிக்கட்டையும் ஒருமுறை மிதித்தது. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் அவருடைய கருத்துகளின் சாயல் உண்டு. பாயில் வட்டமாக அமர்ந்து அட்டை எடுத்ததும், சுவரின் அடியில் இருந்த கரும்பலகைப் பகுதியில் என் பெயரை நானே எழுதியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. நான் கல்லூரிக்கு வந்ததில் அந்தப் பாய்க்கும் பங்கு உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வரலாற்றைப் படித்த பின் நான் ஒரு செயல் செய்தேன். செய்முறைக் குறிப்பேட்டில் செடியைப் பார்த்துப் பார்த்து எழுதுவது போல, ஏழு நாட்கள் என் தம்பியைப் பார்த்துக் குறிப்பெழுதினேன். பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் 5 நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். ஆனால் மாலையில் இலை எடை போடும் இடத்தில், வண்டி வந்து போகும் வரை தராசை விட்டு நகர்வதில்லை. சாக்கின் எடையையும் ஈரத்துக்கான கழிவையும் மனத்தாலேயே கழித்துச் சொல்கிறான். இரண்டு தடவை பெரியவர்களின் கணக்கையே திருத்தியிருக்கிறான். கேரட்டைப் பெரிது, நடுத்தரம், சிறிது எனப் பிரிக்கச் சொன்னால் அரைமணி நேரம் அசையாமல் பிரிக்கிறான். கணக்கு வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை இவன்தான்!

அக்குறிப்பேட்டைத் தந்தையாரிடம் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறு வாரம் தம்பியை உதகையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவர் அவனைச் சோதித்து, இது ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். அறிவுக் குறைவு இல்லை, வளர்ப்பின் குற்றமும் இல்லை என்றும் விளக்கினார். அதைக் கேட்டு என் தாயார் அழுதார். இத்தனை ஆண்டுகள் தம்மால்தான் பிள்ளை கெட்டது என்று உள்ளுக்குள் வருந்தியிருக்கிறார் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. மருந்து தேவையா என்பதைப் பின்னர்த் தாமே பார்த்து முடிவு செய்வதாகவும், அதுவரை செய்ய வேண்டியவை எவை என்றும் மருத்துவர் கூறினார். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுதல். பெரிய பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாக்குதல். துண்டு ஒன்று முடிந்ததும் எழுந்து நடக்க விடுதல். செய்ததை அப்போதே பாராட்டுதல். முன் வரிசையில் ஆசிரியர் அருகே உட்கார வைத்தல். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் வேலைகளை அமைத்தல். இவற்றுள் பெரும்பாலானவற்றை நான் முன்பே அம்மையாரின் வரலாற்றில் படித்திருந்தேன்.

இப்போது தம்பி வேறொரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். அங்குள்ள ஆசிரியை பலகை துடைப்பதையும் நோட்டுகளைக் கொடுத்து வாங்குவதையும் அவனுக்கு வேலையாகக் கொடுத்திருக்கிறார். எழுந்து நடக்க அவனுக்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது. பெருக்கலை நாங்கள் தேயிலைக் கிலோக் கணக்கில் சொல்லித் தருகிறோம். அவன் முழுவதும் மாறிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். இன்னும் ஓடுகிறான், இன்னும் பென்சிலைத் தொலைக்கிறான், சில நாள் எங்கள் பொறுமையும் தொலைந்துபோகிறது. ஆனால் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தேறினான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் இப்போது எழுவதில்லை.

நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாவோம். எல்லாரும் ஒருநாள் பெற்றோர் ஆவோம். விலை உயர்ந்த கருவிகள் நம்மிடம் இல்லாமல் போகலாம். மாண்டிசோரி அம்மையாரிடமும் தொடக்கத்தில் இருந்தவை இரண்டு கண்களும் ஒரு குறிப்பேடும்தான். உட்காராத பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அனுப்புமுன், அவன் எதைத் தேடி ஓடுகிறான் என்று ஏழு நாட்களேனும் பார்ப்போம். அவன் கைக்கு ஏற்ற வேலையைக் கொடுப்போம். குழந்தைகளைப் படித்த அவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.